பென்டிரைவ் ஓடுகிற போர்ட்டில் கிட்டார் ஏன் கரகரக்கிறது?

கிட்டாரை ஆடியோ இன்டர்ஃபேஸில், அதாவது கிட்டாரின் மின்குறியைக் கணினிக்குப் புரியும் எண்களாக மாற்றும் பெட்டியில் செருகி, அங்கிருந்து ஒரு யு.எஸ்.பி. கேபிளை லேப்டாப்புக்குக் கொண்டுபோய், ரெக்கார்டு பட்டனை அழுத்தி வாசிக்க ஆரம்பிக்கிறோம். இரண்டாவது வரியில் ‘பட்’ என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று. திரும்பப் போட்டுக் கேட்டால் நல்ல வாசிப்பின் நடுவே சின்னச் சின்னக் கீறல்கள். உடனே பெரும்பாலானோர் செய்யும் சோதனை, அதே போர்ட்டில் பென்டிரைவைச் செருகி ஒரு பெரிய கோப்பைக் காப்பி செய்து பார்ப்பது. அது ஒரு தடையும் இல்லாமல் ஓடிவிடும். போர்ட் நன்றாக இருக்கிறது, ஆகவே இன்டர்ஃபேஸ்தான் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிடுகிறோம். நானும் ஒருமுறை அப்படித்தான் முடிவு கட்டி, ஒரு நல்ல இன்டர்ஃபேஸைப் பாதி விலைக்கு விற்றேன். வாங்கிய நண்பர் பல வருடமாக அதில்தான் ரெக்கார்டு செய்கிறார், ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. கோளாறு என் லேப்டாப்பில் இருந்தது. அந்த வருத்தத்தில்தான் இந்த விஷயத்தை அடியிலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.

பென்டிரைவ் சோதனை ஒலி விஷயத்தில் ஏறக்குறைய எதையும் நிரூபிப்பதில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டால் மற்ற எல்லாக் கோளாறுகளையும் தேடுவது பாதி சுலபமாகிவிடும்.

யு.எஸ்.பி.யின் முதல் வரையறை 1996 ஜனவரியில் வெளிவந்தது. இன்டெல் நிறுவனத்தில் அதை உருவாக்கியவர்களில் முக்கியமானவர் பரோடாவில் படித்த அஜய் பட். கீபோர்டு, பிரிண்டர், ஸ்கேனர், மைக் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிச் செருகி இருந்த காலத்தில், எல்லாவற்றுக்கும் ஒரே துளை என்பதுதான் நோக்கம். ஆனால் பிரிண்டரின் தேவை வேறு, மைக்கின் தேவை வேறு. அதனால் அந்த வரையறைக்குள்ளேயே தரவு போய்வர நான்கு விதமான ஏற்பாடுகளை வைத்தார்கள். நமக்கு அதில் இரண்டு போதும்.

ஒன்று கோப்புகளுக்கானது. கணினி ஒரு பொட்டலத்தை அனுப்பும், மறுமுனை ‘வந்து சேர்ந்தது’ என்று பதில் சொல்லும். வழியில் சிதைந்துவிட்டால் பதில் வராது, கணினி அதையே மறுபடி அனுப்பும். ஒப்புகை அட்டையோடு போகிற பதிவுத் தபால் மாதிரி. பத்துப் பொட்டலம் கெட்டுப்போனாலும் கடைசியில் கோப்பு முழுசாகத்தான் இருக்கும். கொஞ்சம் தாமதம் ஆகியிருக்கும், அது நமக்குத் தெரியவும் தெரியாது.

இன்னொன்று ஒலிக்கும் நேரடிப் படத்துக்கும் ஆனது. ஐசோக்ரோனஸ் என்பது அதன் பெயர். இதில் நேரம்தான் பிரதானம். பழைய 12 மெகாபிட் வேகத்தில் ஒவ்வொரு மில்லிசெகண்டுக்கும் ஓர் இடம், யு.எஸ்.பி. 2.0இன் வேகத்தில் 125 மைக்ரோசெகண்டுக்கு ஓர் இடம் என்று சாதனத்துக்காக முன்கூட்டியே ஒதுக்கி வைக்கப்படும். அந்த இடத்தில் பொட்டலம் ஒழுங்காக வந்தால் வந்தது, சிதைந்தால் போனதுதான். மறுபடி அனுப்பச் சொல்லிக் கேட்கும் வழியே இதில் கிடையாது. தாளத்தில் ஓர் அடியைத் தவறவிட்ட தவில்காரர் அடுத்த ஆவர்த்தனத்தில் அதைச் சேர்த்துப் போட முடியாது இல்லையா, அதே கதைதான். தாமதமாக வரும் ஒலியால் பயனில்லை என்பதால் வேண்டுமென்றேதான் இப்படி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான ஆடியோ இன்டர்ஃபேஸ்கள் இந்த வழியில்தான் பேசுகின்றன.

கணக்கைப் பார்த்தால் இது எவ்வளவு நெருக்கடியான வேலை என்று புரியும். ஒலி அலையைத் தொடர்ந்து அளந்து எடுக்கும் ஒவ்வோர் அளவுக்கும் சாம்பிள் என்று பெயர். சி.டி. தரத்தில் ஒரு நொடிக்கு 44,100 சாம்பிள். அதை 1,000 மில்லிசெகண்டுக்குப் பங்கிட்டால் ஒரு பொட்டலத்துக்கு 44.1 வரும். சாம்பிளைப் பிளக்க முடியாது. அதனால் ஒன்பது பொட்டலங்களில் 44, பத்தாவதில் 45 என்று ஏற்றி அனுப்புகிறார்கள். ஐந்து நிமிடப் பாட்டுக்கு மூன்று லட்சம் பொட்டலங்கள். அதில் ஒன்றே ஒன்று தொலைந்தாலும் அலைவடிவத்தில் ஒரு வெட்டு விழும், காதில் அது ‘பட்’ என்று கேட்கும். மூன்று லட்சத்தில் ஒன்றைத் தவறவிடும் போர்ட் கோப்புகளைப் பொறுத்தவரை அருமையான போர்ட். கிட்டாருக்கு அது உதவாத போர்ட்.

இதற்கும் வேகத்துக்கும் சம்பந்தம் குறைவு. 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், இரண்டு சானல் என்றால் நொடிக்கு வெறும் 2.3 மெகாபிட். யு.எஸ்.பி. 2.0 தருவதோ 480 மெகாபிட். அதனால் நீல நிற யு.எஸ்.பி. 3.0 போர்ட்டுக்கு மாற்றினால் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்கக் கூடாது. 3.0இன் வேகம் தனிக் கம்பிகளில் போகிறது. 2.0 இன்டர்ஃபேஸை நீலத் துளையில் செருகினாலும் அது பழைய நான்கு கம்பிகளைத்தான் பயன்படுத்தும். சில சமயம் போர்ட்டை மாற்றியதும் கோளாறு போய்விடுவது உண்மைதான். யு.எஸ்.பி. துளைகளை இயக்கும் வேறு கன்ட்ரோலர் சிப்புக்கோ, தேயாத ஒரு துளைக்கோ மாறியதுதான் அதற்குக் காரணமாக இருக்கும்.

சரி, பொட்டலம் எங்கே தொலைகிறது? இரண்டு இடங்களில் தொலையலாம். கம்பியில் சிதையலாம். அல்லது கம்பியில் பத்திரமாக வந்து, கணினிக்குள் எடுக்க ஆளில்லாமல் வீணாகலாம். இந்த இரண்டையும் பிரித்தறிவதுதான் முதல் வேலை. அதைச் செய்யாமல் கேபிள் வாங்குவதும் டிரைவரை (சாதனத்தை இயங்குதளத்தோடு பேச வைக்கும் மென்பொருளை) அழித்து மறுபடி போடுவதும் இருட்டில் ஊசி தேடுவதுதான்.

பிரித்தறிய ஒரு நல்ல வழி பஃபர். வந்து சேரும் சாம்பிள்களைக் கணினி ஒரு தொட்டியில் பிடித்து வைத்து, தொட்டி நிறைந்ததும் ரெக்கார்டிங் மென்பொருளிடம் கொடுக்கும். அந்தத் தொட்டிதான் பஃபர். 64 சாம்பிள் என்று வைத்தால் அது 1.5 மில்லிசெகண்டில் நிறைந்துவிடும். அதற்குள் மென்பொருள் முந்தைய தொட்டியை எடுத்து, ஆம்ப் சிமுலேட்டர் (கிட்டார் ஆம்ப்பின் ஒலியைப் போலச் செய்யும் மென்பொருள்) கணக்கெல்லாம் போட்டு, காலி செய்திருக்க வேண்டும். 1,024 என்று வைத்தால் 23 மில்லிசெகண்ட் அவகாசம் கிடைக்கும். இப்போது சோதனை. பஃபரை 1,024 ஆக்கிவிட்டுப் பத்து நிமிடம் வாசித்துப் பாருங்கள். கரகரப்பு போய்விட்டால் கம்பி நன்றாக இருக்கிறது, கணினிதான் நேரத்துக்கு வரவில்லை. பஃபர் எவ்வளவு பெரிதானாலும் அதே கணக்கில் ‘பட் பட்’ விழுகிறது என்றால் கேபிள், ஹப் (ஒரு துளையைப் பலவாக்கும் பெட்டி), போர்ட், மின்சாரம் என்ற பக்கத்தில் தேட வேண்டும். பொட்டலம் வழியிலேயே சிதைந்திருந்தால் தொட்டி எவ்வளவு பெரிதாக இருந்து என்ன பயன்?

கணினிப் பக்கம் என்று தெரிந்தால், பஃபரை அப்படியே 1,024இல் விட்டுவிடலாமே என்று தோன்றும். வாசிப்பவருக்கு அது கஷ்டம். ஒலி காற்றில் ஒரு மீட்டர் கடக்க ஏறத்தாழ 3 மில்லிசெகண்ட் ஆகிறது. 256 சாம்பிள் பஃபரில் உள்ளே வருவதும் வெளியே போவதும் சேர்ந்து சுமார் 12 மில்லிசெகண்ட் என்றால், ஆம்ப்பிலிருந்து நான்கு மீட்டர் தள்ளி நின்று வாசிப்பது போல. பழகிக்கொள்ளலாம். 1,024இல் அது பதினைந்து மீட்டரைத் தாண்டிவிடும். விரல் ஒன்று செய்ய, காது வேறொன்று கேட்கும், தாளம் இழுபடும். இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் என்று ஒரு சுவிட்ச் இருந்தால் கிட்டார் ஒலி கணினிக்குப் போகாமலே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். சுத்தமான ஒலியில் வாசிப்பவர்களுக்கு அது போதும். டிஸ்டார்ஷனை, அதாவது வேண்டுமென்றே முறுக்கிய ஒலியைக் கேட்டுக்கொண்டே வாசிக்க வேண்டும் என்பவர்களுக்குப் போதாது. அவர்கள் கணினியைத்தான் வழிக்குக் கொண்டுவர வேண்டும்.

விண்டோஸில் இதற்கு அடிப்படைக் காரணம் பெரும்பாலும் பிராசசரின் வேகக் குறைவு இல்லை. வைஃபை, கிராஃபிக்ஸ், பேட்டரி போன்றவற்றின் டிரைவர்கள் இயங்குதளத்தின் அடித்தளத்தில் உட்கார்ந்துகொண்டு, தங்கள் வேலை முடியும்வரை மற்றவர்களை நிறுத்தி வைக்கும் உரிமை பெற்றவை. ஒரு மோசமான வைஃபை டிரைவர் நான்கைந்து மில்லிசெகண்டு வழியை மறித்துக்கொண்டு நின்றால் போதும், தொட்டி வழிந்துவிடும். டாஸ்க் மேனேஜரில் சி.பி.யு. 15 சதவீதம்தான் காட்டும், ஆனாலும் ஒலி உடையும். லேட்டன்ஸிமான் என்ற இலவசக் கருவி எந்த டிரைவர் எவ்வளவு நேரம் மறித்தது என்று பெயர் சொல்லிக் காட்டும். அதை ஓட விடுவதற்கு முன்பே வைஃபையை அணைத்துவிட்டு வாசித்துப் பாருங்கள். என் லேப்டாப்பில் கோளாறு அதுதான். அந்த டிரைவரைப் புதுப்பித்ததும் 128 சாம்பிளில் சுத்தமாக ஓட ஆரம்பித்தது. பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றுவது, சார்ஜரைச் செருகிக்கொண்டு வாசிப்பது ஆகியவையும் உதவும். சார்ஜர் வேறொரு தொல்லை தரும், அதற்குப் பிறகு வருகிறேன்.

டிரைவர் என்ற சொல் வந்துவிட்டதால் ஏ.எஸ்.ஐ.ஓ. பற்றி ஒரு வார்த்தை. 1997இல் ஸ்டெயின்பெர்க் நிறுவனம் கொண்டுவந்த இந்த ஏற்பாடு, விண்டோஸின் சொந்த ஒலிக் கலவை இயந்திரத்தைச் சுற்றிக்கொண்டு, ரெக்கார்டிங் மென்பொருளை நேராக இன்டர்ஃபேஸோடு பேச வைக்கிறது. இன்டர்ஃபேஸை உருவாக்கிய நிறுவனமே அதற்கென ஏ.எஸ்.ஐ.ஓ. டிரைவர் கொடுத்திருந்தால் அதைத்தான் போட வேண்டும். ஏ.எஸ்.ஐ.ஓ. ஃபார் ஆல் என்பது அப்படி ஒன்று இல்லாத சாதனங்களுக்கான மாற்று ஏற்பாடு. இரண்டையும் போட்டு வைத்துக்கொண்டு மென்பொருளில் தவறானதைத் தேர்ந்தெடுத்துவிட்டு மணிக்கணக்கில் அல்லாடுகிறவர்கள் நிறைய. மேக்கில் இந்த வேலையைச் செய்யும் கோர் ஆடியோ உள்ளேயே இருப்பதால் இந்தக் குழப்பம் இல்லை. இரண்டாம் தலைமுறை யு.எஸ்.பி. ஆடியோ வரையறையைப் புரிந்துகொள்ளும் சொந்த டிரைவர் விண்டோஸுக்கு 2017இன் கிரியேட்டர்ஸ் அப்டேட்டில்தான் வந்தது. அதனால் அதற்கு முந்தைய விண்டோஸ் ஓடும் பழைய கணினியில், டிரைவர் போடாமல் செருகினால் சில இன்டர்ஃபேஸ்கள் இருப்பதாகவே தெரியாது. பழைய மல்டி எஃபெக்ட்ஸ் பெடல்களுக்கு நேர்மாறான சிக்கல். அவற்றின் டிரைவர் புதிய இயங்குதளத்துக்கு எழுதப்படாமலே நின்றுபோயிருக்கும். செகண்ட் ஹேண்டில் பெடல் வாங்குமுன் இதை மட்டும் விசாரித்துவிடுங்கள்.

இனி கம்பிப் பக்கம்.

இன்டர்ஃபேஸ் செருகியும் எதுவும் நடக்கவில்லை, விளக்கு மட்டும் எரிகிறது என்றால் முதல் சந்தேகம் கேபிள் மேல். யு.எஸ்.பி. 2.0 கேபிளுக்குள் நான்கு கம்பிகள். இரண்டு மின்சாரத்துக்கு, இரண்டு தரவுக்கு. போன் சார்ஜருடன் வரும் சில மலிவான கேபிள்களில் தரவுக் கம்பிகளே இருக்காது. சாதனத்துக்கு உயிர் வரும், பேச்சு வராது. கடையில் பிரிண்டர் கேபிள் என்று கேட்டால் கிடைக்கும் சதுர முனைக் கேபிள்களில் இந்தத் தொல்லை இல்லை, ஆனால் நீளம் ஒரு தொல்லை. யு.எஸ்.பி. 2.0க்கு ஐந்து மீட்டர்தான் எல்லை. அதிலும் உள்ளே இருக்கும் மின் கம்பி மெல்லியதாக இருந்தால் மூன்று மீட்டரிலேயே மறுமுனையில் மின்னழுத்தம் இறங்கிவிடும். சென்னை ரிச்சி தெருவில் நாற்பது ரூபாய்க்கும் கிடைக்கிறது, நானூறு ரூபாய்க்கும் கிடைக்கிறது. நான் கனமான, ஒன்றரை மீட்டர் கேபிளாகப் பார்த்து வாங்குகிறேன். தங்க முலாம் பூசிய முனைக்காகக் கூடுதல் பணம் கொடுப்பதில்லை.

மின்சாரக் கணக்கு பலர் கவனிக்காமல் விடும் இடம். யு.எஸ்.பி. 2.0 போர்ட் ஒன்று 500 மில்லிஆம்பியர் வரை தரலாம், 3.0 போர்ட் 900 வரை. கணினியிலிருந்தே மின்சாரம் எடுக்கும் இரண்டு சானல் இன்டர்ஃபேஸ் அந்த 500ஐ நெருங்கியே ஓடும். சில வகை மைக்குகளுக்கு மின்சாரம் தரும் 48 வோல்ட் பான்டம் பவரைப் போட்டுவிட்டால் இன்னும் நெருங்கும். கிட்டாருக்கு அது தேவையே இல்லை, அணைத்துவிடுங்கள். இப்போது நடுவில் ஒரு ஹப்பை வையுங்கள். சொந்த அடாப்டர் இல்லாத ஹப், வரையறைப்படி, தன் ஒவ்வொரு துளைக்கும் 100 மில்லிஆம்பியர்தான் தர வேண்டும். அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் அதிர்ஷ்டம். வாசிக்கும்போது திடீரென்று இன்டர்ஃபேஸ் மறைந்து மறுபடி தோன்றுகிறது, விண்டோஸ் ‘டுடுங்’ என்று சத்தம் போடுகிறது என்றால் பாதிக்கு மேல் இதுதான் காரணம். இன்டர்ஃபேஸை நேராகக் கணினியில் செருக வேண்டும், ஹப்பில் மவுஸும் கீபோர்டும் போகட்டும். டெஸ்க்டாப் என்றால் பின்பக்கம், மதர்போர்டில் நேராகப் பொருத்தியிருக்கும் துளையில். முன்பக்கத் துளைகள் பெட்டிக்குள் ஒரு நீட்டிப்புக் கம்பி வழியாக வருகின்றன, அதில் ஒரு தளர்ந்த இணைப்பு போதும்.

சில இன்டர்ஃபேஸ்கள் சரியாகப் பத்து, பதினைந்து நிமிடம் சும்மா இருந்த பிறகு மறைந்துபோகும். தேநீர் குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தால் காணோம். விண்டோஸ் மின்சாரத்தை மிச்சப்படுத்த யு.எஸ்.பி. சாதனங்களைத் தூங்க வைப்பதால் வரும் விளைவு இது. டிவைஸ் மேனேஜரில் ஒவ்வொரு யு.எஸ்.பி. ரூட் ஹப்பின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்திலும் அணைக்க அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிட்டு, பவர் ஆப்ஷன்ஸில் செலக்டிவ் சஸ்பெண்டை நிறுத்தினால் தீர்ந்துவிடும்.

இவ்வளவும் செய்து, கேபிளை மாற்றி, துளையை மாற்றி, வைஃபையை அணைத்து, ஒன்றும் நடக்காமல் போகலாம். அப்போது தன் மேலேயே சந்தேகம் வரும். கணினி செய்த நிறுவனமே தவறு செய்த இரண்டு சந்தர்ப்பங்களை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. 2018இல் வந்த மேக்புக் ஏர், மேக்புக் புரோ, மேக் மினி மாடல்களில் யு.எஸ்.பி. ஒலி அவ்வப்போது அறுந்தது. பயனர்கள் இன்டர்ஃபேஸ் கம்பெனிகளிடம் போய் முறையிட்டார்கள். 2019 மார்ச்சில் வந்த மேக் ஓ.எஸ். 10.14.4 புதுப்பிப்பின் குறிப்பிலேயே, அந்த மாடல்களில் யு.எஸ்.பி. ஆடியோ சாதனங்களின் நம்பகத்தன்மையை மேம்படுத்தியிருப்பதாக ஆப்பிள் எழுதியது. அடுத்தது பிராசசர் நிறுவனமான ஏ.எம்.டி. அதன் 500 வரிசை சிப்செட் மதர்போர்டுகளில் யு.எஸ்.பி. இணைப்பு இடையிடையே விடுபடுவதை 2021 பிப்ரவரியில் அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டு, பிறகு ஏஜீசா 1.2.0.2 என்ற அடிப்படை மென்பொருள் வழியாகச் சரிசெய்தது. மதர்போர்டு நிறுவனங்கள் அதை பயாஸ் (கணினியைத் துவக்கும் மென்பொருள்) அப்டேட்டாகக் கொடுத்தன. பயாஸை அப்டேட் செய்யாத கணினிகள் இன்னும் புழக்கத்தில் இருக்கின்றன, செகண்ட் ஹேண்ட் சந்தையில் கைமாறுகின்றன. அந்த வரிசை மதர்போர்டு உங்களிடம் இருந்து, இன்டர்ஃபேஸ் விட்டுவிட்டு வேலை செய்தால், வேறெதையும் தொடுவதற்கு முன் பயாஸ் பதிப்பைப் பாருங்கள்.

இதுவரை பார்த்தது உடைதலும் மறைதலும். இரைச்சல் வேறு சங்கதி. கீச்சென்ற ஒரு மெல்லிய ஊளை, மவுஸை அசைத்தால் அதோடு சேர்ந்து மாறும் ஒரு ‘கிர்ர்’, அல்லது அடியில் ஓடும் ஒரு ‘ம்ம்ம்’. கிட்டார்காரர்களை மற்ற எல்லோரையும்விட இது அதிகம் வதைப்பதற்குக் காரணம் உண்டு. தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப்பிலிருந்து வருவது மிகச் சிறிய மின்குறி, அதைப் பல மடங்கு பெருக்கித்தான் எடுக்கிறோம். அதன் மேல் ஆம்ப் சிமுலேட்டரில் டிஸ்டார்ஷன் போட்டால் இன்னும் நூறு, ஆயிரம் மடங்கு. பாடகரின் ரெக்கார்டிங்கில் காதுக்கே எட்டாத இரைச்சல், டிஸ்டார்ஷன் கிட்டாரில் அருவியாகக் கொட்டும்.

முதலில் கிட்டாரின் வால்யூம் குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்புங்கள். இரைச்சல் நின்றுவிட்டால் அது பிக்கப் வழியாக வருகிறது, யு.எஸ்.பி.யைக் குறை சொல்ல வேண்டாம். ஒற்றைச் சுருள் பிக்கப் ஒரு ஆண்டெனா மாதிரி. சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரம், லேப்டாப் அடாப்டர், ஃபேன் ரெகுலேட்டர் எல்லாவற்றையும் பிடிக்கும். நாற்காலியில் உட்கார்ந்தபடி மெல்லத் திரும்பினால் ஒரு கோணத்தில் ஹம் குறையும், அந்தக் கோணத்திலேயே வாசிக்கலாம். லேப்டாப்பிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி உட்கார்ந்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். 1955இல் கிப்சன் நிறுவனத்தின் செத் லவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்த ஹம்பக்கர், எதிரெதிராகச் சுற்றிய இரண்டு சுருள்களால் இந்த ஹம்மை ஒன்றையொன்று அழிக்க வைத்துத்தான் தீர்த்தது.

வால்யூமைப் பூஜ்யமாக்கியும் இரைச்சல் நிற்கவில்லை என்றால் அது கணினியிலிருந்தோ மின்னிணைப்பிலிருந்தோ வருகிறது. அதன் சுருதியைக் கவனித்தால் மூலம் தெரியும். மில்லிசெகண்டுக்கு ஒருமுறை பொட்டலம் போகிறது என்று சொன்னேன் அல்லவா, அந்தத் துடிப்பு இன்டர்ஃபேஸின் மின்சாரத்தில் கசிந்தால் சரியாக 1 கிலோஹெர்ட்ஸில் ஊளையாகக் கேட்கும். 125 மைக்ரோசெகண்டுத் துடிப்பு என்றால் 8 கிலோஹெர்ட்ஸ். ரெக்கார்டு செய்து ஸ்பெக்ட்ரம் அனலைசரில் பார்த்தால் அந்த இடத்தில் ஊசி மாதிரி ஒரு கோடு நிற்கும். வேறு கன்ட்ரோலரில் உள்ள துளை, நல்ல கேபிள், சொந்த அடாப்டர் உள்ள ஹப் ஆகியவை இங்கே உதவும். மேலே ஹப்பை வேண்டாம் என்றேன், இந்த ஒரு கோளாறுக்கு மட்டும் அடாப்டருள்ள நல்ல ஹப்பைச் செருகிப் பார்ப்பதில் தவறில்லை.

‘ம்ம்ம்’ என்ற ஹம்முக்கு முதல் சோதனை லேப்டாப் சார்ஜரைக் கழற்றுவது. கழற்றியதும் நின்றால் எர்த் விவகாரம். லேப்டாப் சார்ஜர் எர்த்தோடு ஒரு பிளக்கில், ஸ்பீக்கர் எர்த்தோடு இன்னொரு பிளக்கில், நடுவில் யு.எஸ்.பி.யும் ஆடியோ கேபிளும் இரண்டையும் இணைக்க, ஒரு வளையம் உருவாகிவிடுகிறது. அந்த வளையத்தில் ஓடும் சின்ன மின்னோட்டம்தான் ஹம். இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுவது, இன்டர்ஃபேஸிலிருந்து ஸ்பீக்கருக்கு மூன்று தொடர்புள்ள பேலன்ஸ்டு கேபிள் போடுவது ஆகியவற்றால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

நம் வீடுகளில் இதற்கு நேர்மாறான நிலைமையும் உண்டு. பிளக் பாயின்டில் மூன்று துளை இருக்கும், எர்த் கம்பி சுவருக்குள் எங்கேயும் போய்ச் சேர்ந்திருக்காது. அல்லது மூன்று முனை சார்ஜரை இரண்டு முனை அடாப்டர் வழியாகச் செருகியிருப்போம். அப்போது சார்ஜருக்குள் இருக்கும் வடிகட்டிக் கண்டன்சர் வழியாகச் சிறு மின்னோட்டம் லேப்டாப்பின் உலோக உடலுக்கு வரும். கை வைத்தால் ‘சுறுசுறு’ என்று இருக்கும். அதே மின்னோட்டம் யு.எஸ்.பி. வழியாகக் கிட்டாரின் தந்தி வரை போகிறது. தந்தியைத் தொட்டால் ஹம் குறைகிறது, விட்டால் கூடுகிறது என்றால் உங்கள் உடம்புதான் அங்கே எர்த்தாக வேலை செய்கிறது. இதை ஓர் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, எர்த் இணைப்பைச் சோதித்துத்தான் சரிசெய்ய வேண்டும். ஹம் போக வேண்டும் என்பதற்காக ஆம்ப்பின் எர்த் பின்னை உடைத்துவிடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஆம்ப்பில் ஏதாவது கசிந்தால் மின்சாரம் தந்தி வழியாக வாசிப்பவரின் கையில் பாயும். மேடையில் கிட்டார்காரர்கள் இப்படி இறந்திருக்கிறார்கள்.

இணையத்தில் விற்கும் யு.எஸ்.பி. ஐசோலேட்டர் என்ற சின்னப் பெட்டி வளையத்தை நடுவில் வெட்டிவிடும் என்பது உண்மை. ஆனால் மலிவானவற்றில் பல ஏ.டி.யு.எம். 3160, 4160 வகைச் சிப்களை வைத்துச் செய்தவை. அவை 12 மெகாபிட் வேகத்துக்கு மேல் போகாது. இரண்டாம் தலைமுறை யு.எஸ்.பி. ஆடியோ வரையறையில் ஓடும் இன்டர்ஃபேஸ்களில் பல அந்த வேகத்தில் வேலையே செய்யாது. 480 மெகாபிட்டுக்கான ஐசோலேட்டர் கிடைக்கிறது, விலை ஒரு சிறிய இன்டர்ஃபேஸ் அளவுக்கு வரும்.

கணினி இன்டர்ஃபேஸைக் காட்டுகிறது, இரைச்சலும் இல்லை, ஒலியும் இல்லை என்றால் அமைப்புகளைப் பார்க்க வேண்டியதுதான். விண்டோஸிலும் மேக்கிலும் மைக்ரோபோன் அனுமதி என்று ஒரு தனியுரிமை அமைப்பு இருக்கிறது. மைக் என்று பெயர் இருந்தாலும் கிட்டார் உள்ளீட்டையும் அது மூடிவிடும். ஒலி வருகிறது, ஆனால் சோனியாக, உயிரில்லாமல் இருக்கிறது என்றால் இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட் அல்லது ஹை இசட் என்ற சுவிட்ச் போடப்படவில்லை. பிக்கப்புக்கு ஏறத்தாழ 1 மெகாஓம் அளவு உள்ளீடு தேவை, லைன் உள்ளீடு அதன் மேல்சுருதிகளை விழுங்கிவிடும். எடுத்த டேக்கைத் திறந்தால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை ஃப்ரெட் கூடியோ குறைந்தோ ஒலிக்கிறது என்றால் ஓரிடத்தில் 44.1, இன்னோரிடத்தில் 48 கிலோஹெர்ட்ஸ் என்று வைத்திருக்கிறீர்கள்.

கடைசியாக ஒரு சிக்கல், வீட்டில் இருவர் சேர்ந்து ரெக்கார்டு செய்யும்போது வருவது. கிட்டாருக்கு ஓர் இன்டர்ஃபேஸ், பாட்டுக்கு ஒரு யு.எஸ்.பி. மைக். இரண்டையும் ஒரே சமயத்தில் எடுத்தால் முதல் சரணத்தில் சேர்ந்திருந்த தாளம் மூன்றாவது சரணத்தில் பிசகி நிற்கும். இரண்டு சாதனத்துக்குள்ளும் தனித்தனி கிரிஸ்டல் கடிகாரம் இருக்கிறது. இரண்டும் 48,000 என்று சொல்லிக்கொண்டாலும் ஒன்று மயிரிழை வேகமாக ஓடும். பத்து லட்சத்தில் 50 பங்கு வித்தியாசம் இருந்தால் போதும், ஐந்து நிமிடப் பாட்டின் முடிவில் 15 மில்லிசெகண்ட் விலகிவிடும். மேக்கில் இரண்டையும் அக்ரிகேட் டிவைஸாகச் சேர்த்து, ஒன்றுக்கு டிரிஃப்ட் கரெக்ஷன் போட்டுச் சமாளிக்கலாம். விண்டோஸின் ஏ.எஸ்.ஐ.ஓ. ஒரு சமயத்தில் ஒரு டிரைவரைத்தான் அனுமதிக்கும். அங்கே யு.எஸ்.பி. மைக்கை ஓரமாக வைத்துவிட்டு, எக்ஸ்.எல்.ஆர். முனையுள்ள சாதாரண மைக்கைக் கிட்டார் இன்டர்ஃபேஸின் இரண்டாவது சானலில் செருகிவிடுங்கள்.